கோல் கம்பத்தைச் சுமந்து வந்த ரசிகர்கள்

"எங்க ஊர் டீம் ஜெயிச்சிட்டு" என்று நெல்லைப் பக்கம் ஒருவர் சொன்னால், கேட்பவர் சில நேரம் இன்னொரு கேள்வி கேட்பார்: "ஊர் டீமா, காலனி டீமா?" கேட்கிறவருக்கு அதில் எந்தக் கூச்சமும் இருப்பதில்லை. ஒரே பஞ்சாயத்து, ஒரே பேருந்து நிறுத்தம், ஒரே ரேஷன் கடை. ஆனால் டீம் மட்டும் இரண்டு. 'ஊர்' என்ற சொல் ஊரில் வாழும் எல்லோரையும் குறிப்பதில்லை என்பதை சமூகவியல் புத்தகம் படிக்காமலேயே நம் பிள்ளைகள் தெரிந்துகொள்கிறார்கள்.

கால்பந்து உலகில் 'ஹோம் மேட்ச்' என்று ஒன்று உண்டு. சொந்த மைதானத்தில், சொந்த சனங்களின் முன்னால் ஆடும் ஆட்டம். பெரிய கிளப்பானாலும் சரி, நான்காம் ஐந்தாம் படியில் ஆடும் சின்ன கிளப்பானாலும் சரி, சீசனில் பாதி ஆட்டம் சொந்த ஊரில்தான். அன்றைக்கு ரசிகர்களின் சத்தம் ஓர் ஆள் அதிகம் ஆடுவதற்குச் சமம் என்பார்கள். ஊர் என்ற சொல்லுக்குள்ளேயே இடம் இல்லாதவர்களுக்குச் சொந்த ஊர் ஆட்டம் எங்கே நடக்கும்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் வரலாற்றைத் தேடிப் போகிறது. கொஞ்சம் தூரம் சுற்றிவிட்டுத் தாமிரபரணிக் கரைக்கே திரும்பி வருவோம்.

ஆடலாம், உட்காரக் கூடாது

விளையாட்டு வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆடியவர்களைப் பற்றியே எழுதுகிறார்கள். நாம் கோட்டுக்கு வெளியே நிற்பவர்களின் பக்கமிருந்து பார்ப்போம். காரணம் இருக்கிறது. நல்ல ஆட்டக்காரன் எல்லா டீமுக்கும் தேவைப்படுகிறான். ஜெயிக்க வேண்டும் என்றால் சாதியைக் கொஞ்ச நேரம் ஒத்திவைக்கவும் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். ஆனால் அவனுடைய அம்மாவும் அவன் தெருக்காரர்களும் கோட்டோரம் வந்து நின்று கை தட்டினால், விசிலடித்தால், என்ன ஆகும்? ஒரு மைதானம் யாருடையது என்பதற்கு அதுதான் உரைகல்.

பல்வங்கர் பாலூவின் கதை நம்மில் பலருக்குத் தெரியும். சாமர் சமூகத்தில் பிறந்தவர். புனேயில் வெள்ளையர்களின் கிளப்பில் ஆடுகளத்தை உருட்டும் வேலை பார்த்துக்கொண்டே பந்துவீச்சில் தேர்ந்தவர். வெள்ளையரைத் தோற்கடிக்க அவருடைய இடது கை சுழற்பந்து புனே இந்துக்களுக்குத் தேவைப்பட்டது. களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்குப் பெவிலியனுக்கு வெளியே, குடித்ததும் தூக்கியெறியும் மண் குவளையில் தேநீர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 100க்கு மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்துத் திரும்பினார். அப்போது பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள். அதில் இளைஞர் அம்பேத்கரின் பங்கும் இருந்தது. ஆனால் இந்துக்கள் அணியின் தலைமை பாலூவுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அவருடைய தம்பி விட்டல்தான் 1923இல் அந்த இடத்துக்கு வந்தார்.

பாலூ களத்துக்குள் போனார், பெவிலியனுக்குள் போக முடியவில்லை. திறமைக்குக் கதவு திறக்கும், மனிதருக்குத் திறக்காது என்பதே இதன் பொருள். 'விளையாட்டில் சாதி கிடையாது' என்று சொல்பவர்கள் களத்தை மட்டும் காட்டுகிறார்கள். நாம் பெவிலியனையும் படிக்கட்டையும் சுற்றுச்சுவரையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதே 1911இல், ஜூலை 29 அன்று, கல்கத்தாவில் மோகன் பகான் அணி கிழக்கு யார்க்ஷயர் படையணியை 2-1 என வென்று ஐஎஃப்ஏ கேடயத்தைக் கைப்பற்றியது. பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். கூட்டம் மைதானத்தில் அடங்கவில்லை. ஆட்டத்தைப் பார்க்க முடியாமல் தள்ளி நின்றவர்களுக்காக, கோல் கணக்கை எழுதிப் பட்டம் பறக்கவிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. நாடு முழுக்கக் கொண்டாடிய வெற்றி அது. வெள்ளையனின் மைதானத்தில் இந்தியன் ஜெயிக்க முடியும் என்று அது காட்டியது. ஆனால் இந்தியனின் மைதானத்தில் யாரெல்லாம் நிற்கலாம் என்ற கேள்வியை அந்த வெற்றி தொடவில்லை. அந்தக் கேள்வி தமிழ் உழைப்பாளிகள் போய்ச் சேர்ந்த இன்னொரு மண்ணில் எழுந்தது.

டர்பனுக்குப் போன பந்து

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோன முதல் கப்பல். 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படிப் போனார்கள். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். அவர்களில் கணிசமானவர்கள் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டிருந்த நம் மக்கள்.

ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கியவர்களின் பிள்ளைகள் பந்தைக் கையிலெடுத்தார்கள். 1903இலேயே தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்கென்று சாம் சைனா கோப்பைப் போட்டி தொடங்கிவிட்டது. டர்பன் நகராட்சியின் துப்புரவுப் பணியாளர்களும் சாலைப் பணியாளர்களும் மேகசின் பேரக்ஸ் என்ற நெரிசலான குடியிருப்பில் வாழ்ந்தார்கள். தமிழும் தெலுங்கும் பேசிய அந்தக் குடியிருப்பில் கோயில் திருவிழாவும் கால்பந்தும் சேர்ந்தே வளர்ந்தன. 1928இல் டர்பனில் இந்திய வம்சாவளியினர் தொடங்கிய மேனிங் ரேஞ்சர்ஸ் என்ற சின்ன கிளப், நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு 1996-97இல் தென்னாப்பிரிக்காவின் புதிய பிரீமியர் லீக்கின் முதல் சாம்பியன் ஆனது. அதற்குள் எழுபது வருடம் ஓடிவிட்டது.

அந்த எழுபது வருடத்தில் பெரும்பகுதி மைதானத்துக்கான போராட்டம்தான். 1950இல் குழுப் பகுதிகள் சட்டம் வந்தது. எந்த இனம் எந்தத் தெருவில் வாழலாம் என்று அரசே கோடு கிழித்தது. மேகசின் பேரக்ஸ் மக்கள் 1960களில் நகரத்துக்கு வெளியே சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்த்து அனுப்பப்பட்டார்கள். வீட்டுக்குக் கிழித்த கோடு மைதானத்துக்கும் பொருந்தியது. வெள்ளையருக்குப் புல்தரை, மின்விளக்கு, கேலரி. மற்றவர்களுக்குப் புழுதி. சேரியை ஊரிலிருந்து பிரிப்பதற்கு எந்தச் சட்டமும் தேவைப்படாத நாட்டிலிருந்து போனவர்களுக்கு, சட்டம் போட்டுப் பிரிக்கும் நாடு முற்றிலும் புதிதாக இருந்திருக்காது.

டர்பனில் கறீஸ் ஃபவுண்டன் என்று ஒரு மைதானம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் நகரத்துக்குத் தண்ணீர் தந்த ஓர் ஊற்றின் பெயர் அது. வெள்ளையரல்லாதவர்களின் கால்பந்துக்கு அதுதான் தாய்வீடு. நிறவெறி காலத்தில் கூட்டம் போட இடம் மறுக்கப்பட்ட மக்களுக்கு ஆட்டம் பார்க்கும் படிக்கட்டே மன்றமானது. 1974 செப்டம்பர் 25 அன்று, மொசாம்பிக் விடுதலை இயக்கத்தை வாழ்த்தி, தடையை மீறி மாணவர்களும் இளைஞர்களும் திரண்டது இங்கேதான். போலீஸ் நாய்களை ஏவியது. தலைவர்கள் மீது வழக்குப் போட்டுச் சிறையில் அடைத்தது. ஆட்டம் பார்க்கக் கூடிப் பழகிய இடத்தில்தான் மக்கள் அரசியலுக்கும் கூடினார்கள்.

1963 ஏப்ரல் 6

கட்டுரையின் தலைப்பு இந்த நாளிலிருந்து வந்தது. 1961இல் தென்னாப்பிரிக்க சாக்கர் லீக் என்ற புதிய லீக் தொடங்கப்பட்டது. கறுப்பர், கலப்பினத்தவர், இந்தியர் எல்லோரும் சேர்ந்து ஆடும் லீக். பார்ப்பவர்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கில் வந்தார்கள். நிறவெறி அரசுக்கு ஆட்டக்காரர்களைவிட இந்தக் கூட்டம்தான் பெரிய உறுத்தல். அதே வருடம் சர்வதேசக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா, நிறப்பாகுபாட்டுக்காக வெள்ளையர் சங்கத்தை இடைநீக்கம் செய்தது. ஆனால் 1963 ஜனவரியில் அந்த இடைநீக்கத்தை விலக்கிக்கொண்டது. தெம்பு வந்த வெள்ளையர் சங்கம், புதிய லீக்குக்கு மைதானம் கிடைக்காதபடி நெருக்கடி கொடுத்தது.

1963 ஏப்ரல் 6 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் 'இந்தியருக்கு' என ஒதுக்கப்பட்டிருந்த நடால்ஸ்ப்ரூட் மைதானத்தில் மொரோகா ஸ்வாலோஸ், பிளாக்பூல் யுனைடெட் அணிகளுக்கு ஆட்டம். ரசிகர்கள் வந்து பார்த்தபோது வாசல் பூட்டியிருந்தது. உள்ளே கோல் கம்பங்களும் பிடுங்கப்பட்டிருந்தன. சுமார் 15,000 பேர். அவர்கள் திரும்பிப் போகவில்லை. வேலி ஏறி உள்ளே குதித்தார்கள். வேறு கோல் கம்பங்களைத் தூக்கி வந்து நட்டார்கள். ஆட்டம் நடந்தது.

தோழர்கள் இந்தக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் ஆடத் தயாராகத்தான் இருந்தார்கள். பந்து இருந்தது, நடுவர் இருந்தார். இல்லாதது மைதானம் ஒன்றுதான். அதை உண்டாக்கியவர்கள் பார்க்க வந்தவர்கள். அன்று பிற்பகல் நடால்ஸ்ப்ரூட் யாருடைய சொந்த மைதானம் என்பதை நகராட்சிப் பத்திரம் தீர்மானிக்கவில்லை. வேலியேறியவர்கள் தீர்மானித்தார்கள்.

அந்த லீக் வென்றதா என்று கேட்டால், இல்லை. மைதானங்கள் ஒவ்வொன்றாக மறுக்கப்பட்டு, 1960களின் நடுவிலேயே அது மூச்சடைத்து நின்றுபோனது. ஒரு விளையாட்டைக் கொல்ல ஆட்டக்காரனைக் கைது செய்ய வேண்டியதில்லை, இடத்தைப் பூட்டினால் போதும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அந்தக் கூட்டத்தின் சத்தம் வெளியுலகத்தை எட்டியது. 1964இல் ஃபிஃபா மறுபடி இடைநீக்கம் செய்தது. 1976இல் வெளியேற்றியது.

நேட்டாலிலிருந்து திரும்பிய ஒருவர்

இந்தத் தென்னாப்பிரிக்கக் கதைக்கும் நமக்கும் இன்னொரு பாலம் உண்டு. தாத்தா ரெட்டமலை சீனிவாசன் 1900களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவுக்குப் போய், நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல வருடங்கள் வேலை பார்த்தவர். 1920களின் தொடக்கத்தில் திரும்பி வந்து சென்னை மாகாண சட்டமன்றத்தில் உறுப்பினரானார். 1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம், மக்கள் கூடும் பொது இடம் எதிலும் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைவதைத் தடுக்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

'மக்கள் கூடும் பொது இடம்' என்ற அந்தத் தொடரை நாம் போதுமான அளவு பயன்படுத்தவில்லை. சாலைக்காகப் போராடியிருக்கிறோம். கிணறு, சுடுகாட்டுப் பாதை, தேர் வடம், டீக்கடைக் குவளை எல்லாவற்றுக்கும் போராடியிருக்கிறோம். மைதானம் அந்தப் பட்டியலில் பின்னால் நிற்கிறது. பசங்க விளையாட்டுதானே என்ற எண்ணம் நம்மிடமும் இருக்கிறது. ஆனால் சட்டம் அப்படி நினைக்கவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, உணவகத்தோடு பொதுக் கேளிக்கை இடங்களையும் பொதுமக்கள் புழங்கும் இடங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவு ஊரின் பொதுச் சொத்தையும் பொது இடங்களையும் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. அரசு புறம்போக்கில் இருக்கும் விளையாட்டுத் திடல் இதற்குள் அடங்கும்.

பிசானம் அறுத்த பிறகு

இப்போது நம் ஆற்றுக்கு வருவோம். பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணி புன்னைக்காயலில் கடல் சேரும்வரை இருபுறமும் அணைக்கட்டு, கால்வாய், குளம், வயல். கார், பிசானம் என இரண்டு போகம். பிசானம் அறுத்த பிறகு, பங்குனி சித்திரையில் வயல் காய்ந்து இறுகும். குளங்களும் வற்றும். பள்ளிக்கூடமும் லீவு விடும். இந்தப் பள்ளத்தாக்கில் விளையாட்டுப் பருவம் என்றால் அதுதான். குளத்தாங்கரைதான் கேலரி, கரையில் நிற்கும் பனைமரம்தான் நிழல்.

கபடியும் கிரிக்கெட்டும்தான் இங்கே அதிகம். கால்பந்து பெரும்பாலும் பாளையங்கோட்டைப் பள்ளி, கல்லூரி மைதானங்களைச் சுற்றியே வளர்ந்தது. எந்த ஆட்டமானாலும் கேள்வி ஒன்றுதான். வயல் யாருடையது? உழுது நட்டு அறுத்தவர்களுடையது இல்லை. காலையில் அதே வயலில் கதிர் அறுத்தவனின் மகன், மாலையில் அதே வயலில் கோடு போட வேண்டுமென்றால் வயல்காரரிடம் கேட்க வேண்டும். கேட்கும் விதம், நிற்கும் இடம், விளிக்கும் சொல் எல்லாவற்றிலும் சாதி இருக்கிறது. போன வருடம் கொடுத்தவர் இந்த வருடம் 'உரம் அடிக்கப் போறோம்' என்று சொன்னால் ஆட்டம் முடிந்தது. இரவலாகக் கிடைத்த இடத்தில் சொந்த மைதானம் அமையாது.

களப்பணிக்காக ஊர் ஊராகப் போகும் நாங்கள் போட்டி நோட்டீஸ்களைப் படிக்கும் பழக்கம் வைத்திருக்கிறோம். ஓர் ஊரின் நிலவரத்தை அவை சொல்லிவிடும். மேலே யார் படம், பரிசு வழங்குபவரின் பெயருக்குப் பின்னால் என்ன பட்டம், டீமுக்கு யார் பெயர், தாள் என்ன நிறம். 'அனைவரும் வருக' என்று கடைசி வரியில் இருக்கும். அந்த 'அனைவரும்' யார் என்று முதல் வரியிலேயே சொல்லியாகிவிட்டது. அதையும் மீறிப் போய் நின்று நம் டீமுக்கு விசிலடித்தால் முதலில் ஒரு பார்வை, பிறகு ஒரு சொல், பிறகு கைகலப்பு. காவல் நிலையத்துக்குப் போனால் 'விளையாட்டுத் தகராறு, இரு தரப்பு மோதல்' என்று எழுதுவார்கள். அடுத்த வருடம் 'சட்டம் ஒழுங்கு' என்று சொல்லி அனுமதியே மறுக்கப்படும். பூட்டுவதற்கு எப்போதும் ஒரு காரணம் கிடைக்கிறது.

நிறத்தைப் பற்றியும் பேச வேண்டும். உலகம் முழுக்க ரசிகன் ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறான். மஞ்சளோ நீலமோ, அது அவன் சேர்ந்துகொண்ட கூட்டத்தின் நிறம். நம் மாவட்டங்களில் பிள்ளைகளின் மணிக்கட்டில் இருக்கும் கயிற்றின் நிறம் அவர்கள் தேர்ந்தெடுத்தது இல்லை, பிறப்பு கட்டியது. 2019இல் பள்ளிக் கல்வித் துறை, பயிற்சி ஐஏஎஸ் அதிகாரிகளின் புகாரின் பேரில் சாதிக் கயிறுகளைப் பற்றி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. விளையாட்டு அணிகளுக்கு ஆள் எடுப்பதிலும் இந்த அடையாளங்கள் பயன்படுவதாக அந்தச் சுற்றறிக்கையே குறிப்பிட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனும் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் கயிறு, மோதிரம், பொட்டு அடையாளங்களைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. பள்ளி மைதானத்தில் டீம் பிரியும்போது கயிற்றின் நிறப்படி பிரிகிறார்கள் என்றால், ஊர் மைதானத்தில் நடப்பதற்கு ஒத்திகை அங்கேயே முடிந்துவிடுகிறது.

இதையெல்லாம் தாண்டியும் பிள்ளைகள் மேலே வந்திருக்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்தின் மணத்தி என்ற சிறிய ஊரிலிருந்து புறப்பட்ட கணேசன் 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். 1995இல் அர்ஜுனா விருது. அதே 1995 ஆகஸ்ட் 31 அன்று அதே மாவட்டத்தின் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து வீடுகளை உடைத்தது. நான்கு வருடம் கழித்து, 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கி வந்த ஊர்வலம் கொக்கிரகுளத்தில் தாமிரபரணிக்குள் விரட்டி அடிக்கப்பட்டது. கைக்குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். கணேசனின் வாழ்க்கையிலிருந்து உருவான மாரி செல்வராஜின் 'பைசன்' படம் 2025இல் வந்தபோது இளைஞர்கள் இரண்டையும் ஒன்றாகப் பார்த்தார்கள். ஒரே மண்ணில் ஒருவன் பதக்கத்தோடு வருகிறான், அதே மண்ணில் சனங்கள் கூடினால் தடி வருகிறது. திறமைக்கு ஒரு வழி, கூட்டத்துக்கு வேறு வழி. பாலூவின் காலத்துப் பெவிலியன் இன்னும் நிற்கிறது.

படி இல்லாத லீக்

கீழ்ப்படியில் ஆடும் டீமின் ரசிகனுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. இன்று புழுதியில் ஆடுகிறோம், ஜெயித்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் மேலே போவோம். ஐரோப்பாவில் லீக்குகள் அடுக்கடுக்காக இருந்தாலும் நடுவில் படிக்கட்டு இருக்கிறது. ஜெயித்தவன் ஏறுவான், தோற்றவன் இறங்குவான்.

இந்தியாவில் 2014இல் இந்தியன் சூப்பர் லீக் எட்டு அணிகளோடு தொடங்கியபோது அந்தப் படிக்கட்டு இல்லை. பணம் கட்டி உள்ளே வந்தவர்கள் உள்ளே. இதன் விலை என்ன என்பதைத் தமிழ்நாட்டு ரசிகர்கள் நேரிலேயே பார்த்தார்கள். சென்னை சிட்டி என்ற கிளப் கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஐ-லீக்கில் ஆடியது. 2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டம். ஜெயித்தால் நாட்டின் சாம்பியன். முதலில் ஒரு கோல் வாங்கிப் பின்தங்கிய அணி, சொந்த ரசிகர்களின் முன்னால் 3-1 என்று திருப்பி அடித்தது. ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்திக் கோப்பையை எடுத்தது. அடுத்த சீசனில் அவர்கள் எங்கே ஆடினார்கள்? ஐ-லீக்கையே இரண்டாம் நிலையாக்கிவிட்டார்கள். ஒரு சாம்பியன், தோற்காமலேயே கீழே இறக்கப்பட்டது. ஐ-லீக்கை வென்று அந்தத் தகுதியில் மேலே ஏறிய முதல் அணி 2022-23இல் வென்ற பஞ்சாப் அணிதான்.

தகுதியால் ஏற முடியாத அடுக்கு என்றால் என்ன என்பது அம்பேத்கரைப் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கால்பந்தின் வணிகமும் சாதியும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 'திறமை இருந்தால் யாரும் மேலே வரலாம்' என்று நமக்கு உபதேசம் செய்கிறவர்கள், திறமைக்குப் படிக்கட்டே வைக்காத அமைப்புகளைக் கூச்சமில்லாமல் நடத்துகிறார்கள். அதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

வியாசர்பாடி சொல்லும் பாடம்

வட சென்னையின் வியாசர்பாடியைக் 'குட்டி பிரேசில்' என்பார்கள். செய்தித்தாளில் பெரும்பாலும் குற்றச் செய்தியாகவே வந்த பகுதி. அங்கே தெருப்பிள்ளைகள் ஒரு மைதானத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். அங்கிருந்து வந்த தனபால் கணேஷ், 2017-18இல் கோப்பை வென்ற சென்னையின் எஃப்சி அணியில் ஆடினார். ஆனால் ஒரு நட்சத்திரத்தைவிட முக்கியமான விஷயம், அங்கே மைதானத்தைச் சுற்றி நிற்பவர்கள் அந்தத் தெருவின் சனங்கள் என்பதுதான். அனுமதி கேட்டு நிற்கவில்லை. ஆத்தாக்கள் நிற்கிறார்கள், சின்னப் பிள்ளைகள் நிற்கிறார்கள். மண்தரைதான், கம்பத்துக்கு வலைகூட இருக்காது. ஆனாலும் அது சொந்த மைதானம்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இப்படி எத்தனை இடங்களை நம்மால் சொல்ல முடியும்? நெல்லைக்குப் பக்கத்தில் சங்கர் நகரில் 2016 முதல் மின்னொளியில் தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் நடந்திருக்கிறது. டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்கலாம். யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. டிக்கெட் விற்கும் இடத்தில் சாதி அமைதியாக இருக்கிறது. ஊர்ப் பொதுத் திடலில்தான் வாய் திறக்கிறது.

நம் வேலை

வரலாறு படிப்பது வேலை செய்வதற்காக. இளம் தோழர்கள் இந்த மூன்று மாதத்தில் செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்கிறோம்.

முதலில், உங்கள் பஞ்சாயத்தில் விளையாட்டுத் திடல் எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு இருக்கும். புறம்போக்கா, பட்டாவா, கோயில் நிலமா என்று பாருங்கள். புறம்போக்காக இருந்து யாராவது வளைத்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். காலனியிலிருந்து திடலுக்குப் போகும் பாதை யார் வீட்டு வாசல் வழியாகப் போகிறது என்று வரைபடம் போடுங்கள்.

இரண்டாவது, பஞ்சாயத்துகளுக்கு அரசு கொடுத்த விளையாட்டு உபகரணங்கள் எங்கே இருக்கின்றன, சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாகக் காலனிப் பிள்ளைகள் கையில் அந்தப் பந்து எப்போது வந்தது என்று விசாரியுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

மூன்றாவது, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள். 'திடல் எல்லோருக்கும் பொது, பயன்படுத்த யார் அனுமதியும் தேவையில்லை' என்று ஒரே ஒரு வரித் தீர்மானம் போடச் சொல்லுங்கள். எதிர்ப்பவர் யார் என்பது அன்றே பதிவாகிவிடும்.

நான்காவது, நம் டீம்களைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். அவர்கள் நோட்டீஸில் சாதி இருக்கிறது என்பதற்காக நம் நோட்டீஸிலும் உட்சாதிப் பெயரைப் போட்டால், பக்கத்துத் தெரு அருந்ததியப் பிள்ளை எந்தக் கோட்டோரம் நிற்பான்? நம் திடலில் பெண்பிள்ளைகள் எங்கே? தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2017-18இலும் 2022-23இலும் தேசிய சாம்பியன். மதுரைப் பக்கத்து சேது எஃப்சி 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. ஆனாலும் நம் காலனித் திடலில் பெண்கள் ஆடவும் இல்லை, நின்று பார்க்கவும் இல்லை என்றால், வாசலைப் பூட்டியவர்களில் நாமும் இருக்கிறோம்.

கடைசியாக, போய் நில்லுங்கள். உங்கள் டீம் தோற்றாலும் சரி. கீழ்ப்படி டீமின் ரசிகன் வெற்றிக்காக மட்டும் வருகிறவன் இல்லை. வாராவாரம் போய் நின்று, 'இது எங்கள் இடம், நாங்கள் இங்கே சத்தம் போடுவோம்' என்று பழக்கப்படுத்துகிறவன். சாலையில் செருப்புப் போட்டு நடக்கும் உரிமை, தேநீர்க் கடையில் கண்ணாடி டம்ளரில் குடிக்கும் உரிமை எல்லாம் ஏட்டில் எழுதியதும் நடைமுறைக்கு வந்துவிடவில்லை. யாரோ ஒருவர் முதல் நாள் போய் நின்றார், மறுநாளும் போனார், மற்றவர்கள் கூடப் போனார்கள். திடலும் அப்படித்தான் நம்முடையதாகும். பிசானம் அறுத்ததும் ஆட்டம் தொடங்கிவிடும். கம்பம் இல்லையென்றால் தூக்கிக்கொண்டு போவோம்.